ஊர் வீரர்களுக்கான போர் நினைவுச் சிற்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போரில் உயிரிழந்த தம் ஊர் வீரர்களுக்குச் சிற்பம் எழுப்ப நினைப்பவர்களும், ஏற்கெனவே நிற்கும் ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர்களும், அதன் முன் நின்று பார்த்துவிட்டு வந்தவர்களும் ஒரே ஐயங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால், அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைப் பெரும்பாலும் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை அடுத்ததில் மறுபடி சொல்லவில்லை என்பதால், மேலிருந்து கீழாகப் படிப்பது நல்லது.

இது கல்லறையா? அடியில் யாராவது புதைக்கப்பட்டிருக்கிறார்களா?

பெரும்பாலும் இல்லை. போரில் இறந்தவர்களின் உடல் தொலைவிலுள்ள களத்திலேயே புதைக்கப்பட்டிருக்கும், கடலில் போயிருக்கும், அல்லது கிடைக்காமலே போயிருக்கும். முதல் உலகப்போரில் இறந்தவர்களின் உடல்களைத் தாயகத்துக்குக் கொண்டுவருவதில்லை என்று பிரிட்டன் முடிவு செய்தபோது, இலட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சென்று நிற்க ஓர் இடம் இல்லாமல் போனது. ஊர் நடுவே எழுந்த நினைவுச்சின்னமே அவர்களுக்குக் கல்லறையாக இருந்தது. லண்டன் வொயிட்ஹாலில் எட்வின் லட்யன்ஸ் வடிவமைத்த செனோடாஃப் (வெற்றுக் கல்லறை) என்ற நினைவுச்சின்னம், 1919-இல் ஓர் ஊர்வலத்துக்காக மரத்தாலும் சாந்தாலும் தற்காலிகமாகவே அமைக்கப்பட்டது. மக்கள் அதன் அடியில் மலர்களைக் குவித்ததைக் கண்ட பிறகு, 1920-இல் அது கல்லில் நிரந்தரமாகக் கட்டப்பட்டது. அதற்குள் எவர் உடலும் இல்லை.

அடையாளம் தெரியாத ஒரு வீரரின் உடலை எல்லோர் சார்பாகவும் அடக்கம் செய்த இடங்கள் இதற்கு விதிவிலக்கு. 1920 நவம்பர் 11 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவ்வாறு ஒருவர் அடக்கம் செய்யப்பட்டார். பாரிஸ் வெற்றி வளைவின் கீழும் ஒருவர் இருக்கிறார். ஓர் ஊரின் சிற்பத்துக்கு அடியில் அப்படி எதுவும் இருப்பதில்லை.

சிலை என்றால் படைத்தலைவர்களுக்குத்தானே வைப்பார்கள்? சாதாரண சிப்பாய்க்கு வைக்கும் வழக்கம் எப்போது வந்தது?

ஐரோப்பாவைப் பொறுத்தவரை இது பழைய வழக்கம் அன்று. 1840-களில் லண்டனில் எழுந்த நெல்சன் தூணின் உச்சியில் நிற்பவர் தளபதி. அவருடைய கப்பல்களில் இறந்த மாலுமிகளின் பெயர்ப் பட்டியல் அங்கே இல்லை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு, அந்நாட்டின் சிற்றூர்களில் துப்பாக்கியை ஊன்றி நிற்கும் சாதாரணச் சிப்பாயின் உருவமும், பீடத்தில் அவ்வூரிலிருந்து போய்த் திரும்பாதவர்களின் பெயர்களும் பரவலாகத் தோன்றின. முதல் உலகப்போர் அதை உலக வழக்கமாக்கியது. பிரான்ஸில் அப்போருக்குப் பிந்திய சில ஆண்டுகளில் ஏறத்தாழ எல்லாச் சிற்றூர்களிலும் நினைவுச்சின்னம் எழுந்தது. அரசு மானியம் வழங்க 1919 அக்டோபரில் ஒரு சட்டமும் இயற்றப்பட்டது.

1917-இல் உருவாகி, இன்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று அறியப்படும் அமைப்பு, இறந்த ஒவ்வொருவரும் பெயர் சொல்லி நினைக்கப்பட வேண்டும், பதவி, இனம், மதம் பார்த்து வேறுபாடு காட்டக்கூடாது என்பவற்றைக் கொள்கையாக ஏற்றது. நடைமுறையில் அது எல்லா இடத்திலும் காப்பாற்றப்படவில்லை. கடைசிக் கேள்விக்கான பதிலில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

நம்முடைய நடுகல்லும் இதுவும் ஒன்றுதானா?

நோக்கத்தில் நெருங்கிய உறவு உண்டு. அரசன் அல்லாத ஒருவன், தன் ஊரின் ஆநிரையைக் காக்கவோ கவரவோ போய் இறந்ததற்காக, அவனுக்கென்று ஒரு கல். தொல்காப்பியம் இதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்று படிப்படியாகச் சொல்கிறது: கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவதில் முடிகிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பட்ட தமிழி எழுத்து நடுகற்களில் ஒன்று, இறந்தவனின் பெயரையும் கூடலூர் என்ற ஊரையும் ஆகோள் (ஆநிரை கவர்தல்) என்ற நிகழ்ச்சியையும் மட்டும் சில சொற்களில் சொல்லி நின்றுவிடுகிறது. யார், எங்கே, எதில் இறந்தார் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. இன்று எழுப்பப்படும் பல சிற்பங்களின் நீண்ட வாசகங்களில் இவை மூன்றும் சேர்ந்து இருப்பதில்லை.

வேறுபாடும் உண்டு. நடுகல் பெரும்பாலும் ஒருவருக்கு ஒன்று, வழிபாட்டுக்கும் உரியது. போர் நினைவுச் சிற்பம் பலருக்குப் பொதுவானது. எம்மதத்தவரும் முன் நிற்கும்படி அமைய வேண்டியது. ஆகவே நடுகல்லின் வடிவத்தைப் படியெடுப்பதைவிட, அது பெயருக்குக் கொடுத்த இடத்தை எடுத்துக்கொள்வது பயன் தரும் என்பது என் கருத்து.

சிலையின் முகம் யாருடையது? எங்கள் தாத்தா பெயர் பீடத்தில் இருக்கிறது, ஆனால் முகம் அவருடையது இல்லையே?

அநேகமாக எவருடைய முகமும் அன்று. அப்படி இருப்பதே முறை. ஒருவரின் முகத்தை வைத்தால் மற்ற குடும்பங்களுக்கு அங்கே இடமில்லாமல் போகும். தில்லியில் 1922-இல் லெனர்ட் ஜென்னிங்ஸ் வடித்த மூன்று வெண்கல வீரர்கள் ஐதராபாத், ஜோத்பூர், மைசூர் ஆகிய மூன்று சமஸ்தானப் படைகளைக் குறிக்கிறார்கள். தனி மனிதர்களை அல்ல. அச்சமஸ்தானங்களின் குதிரைப்படை வீரர்களின் நினைவுக்காக அவை எழுப்பப்பட்டன. ஜோத்பூர், மைசூர்ப் படைகள் 1918 செப்டம்பர் 23 அன்று ஹைஃபா நகரைக் கைப்பற்றியவை.

உங்கள் தாத்தாவின் நிழற்படம் கிடைத்திருந்தால், அதைச் சிலையில் ஏற்றச் சொல்வதற்குப் பதிலாக ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ பெயர்ப் பட்டியலுடன் சேர்த்துக் காட்சிக்கு வைக்கக் கேளுங்கள். அது உண்மையிலேயே பலருக்கு உதவும்.

அடுத்த ஊரிலும் அச்சு அசலாக இதே சிலை நிற்கிறது. எங்களை ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான ஊர்கள் சிலை கேட்டபோது, வார்ப்பாலைகள் பட்டியல் புத்தகம் அச்சிட்டு, விரும்பிய உருவத்தைத் தேர்ந்தெடுக்கச் செய்தன. பிரெஞ்சுச் சிற்பி யூஜின் பெனே வடித்த வெற்றி வீரன் உருவம் நூற்றுக்கணக்கான பிரெஞ்சு ஊர்களில் நிற்கிறது. அமெரிக்காவில் அதற்கு முன்பே, துத்தநாகத்தில் வார்த்த உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்கள் இப்படி விற்கப்பட்டார்கள். உருவம் பொதுவாக இருந்தாலும், உங்கள் ஊர்ப் பீடத்திலுள்ள பெயர்கள் வேறெங்கும் அதே வரிசையில் இல்லை.

குதிரை ஒரு காலைத் தூக்கியிருந்தால் காயம்பட்டு இறந்தவர், இரண்டு காலையும் தூக்கியிருந்தால் களத்தில் இறந்தவர் என்கிறார்களே?

அப்படி ஒரு விதி எந்தக் காலத்திலும் சிற்பிகளிடையே இருந்ததில்லை. சில சிலைகளுக்கு அது தற்செயலாகப் பொருந்துகிறது, பலவற்றுக்குப் பொருந்துவதில்லை. இரண்டு காலையும் தூக்கிய குதிரையின் எடை முழுவதும் பின்னங்கால்களிலும் வாலிலும் தாங்கப்பட வேண்டியிருப்பதால், பணமும் திறனும் இருக்கிறதா என்பதே அங்கே பெரும்பாலும் முடிவு செய்கிறது. துப்பாக்கியின் வாய்ப்பகுதி தரையைப் பார்த்திருக்க, அதன் மேல் இரு கைகளையும் வைத்துத் தலை குனிந்து நிற்பது மட்டும் உண்மையான படை மரபு. இராணுவ இறுதிச் சடங்கில் நிற்கும் நிலை அது.

பெயர்ப் பலகை மட்டும் போதாதா? சிலை எதற்கு?

இந்த வாதம் மிகக் கடுமையாக நடந்த இடம் வாஷிங்டன். வியட்நாம் போர் நினைவுச்சின்னத்துக்கான போட்டியில் 1981-இல், அப்போது கட்டடக்கலை மாணவியாக இருந்த இருபத்தொரு வயது மாயா லின்னின் வடிவம் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட வடிவங்களிலிருந்து தேர்வு பெற்றது. உருவம் எதுவும் இல்லை; தரைக்குள் இறங்கும் இரண்டு கருங்கல் சுவர்களும் அவற்றில் பெயர்களும் மட்டும். கருப்பு நிறம் அவமானத்தின் அடையாளம் என்று சிலர் எதிர்த்தார்கள். சமரசமாக ஃபிரெடரிக் ஹார்ட் வடித்த மூன்று படைவீரர்களின் வெண்கல உருவங்கள் 1984-இல் சற்றுத் தள்ளி வைக்கப்பட்டன. 1982-இல் திறக்கப்பட்ட சுவரின் முன் நிற்பவர்கள் தங்கள் முகம் பெயர்களின் மேல் தெரிவதைக் காண்கிறார்கள், பெயரை விரலால் தொடுகிறார்கள், தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக் கொண்டுபோகிறார்கள்.

அதனால் சிலை தேவையில்லை என்று நான் முடிவு கட்ட மாட்டேன். பெயர்களை அறிந்தவர்கள் இருக்கும் வரை பட்டியல் தானாகவே பேசும்; அவர்கள் போன பிறகு, தெரியாத ஒருவரை நின்று பார்க்கச் செய்ய ஓர் உருவம் உதவுகிறது. தில்லியில் 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவுச்சின்னம் இரண்டையும் வைத்திருக்கிறது: ஒரு வட்டத்தில் போர்களைக் காட்டும் வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள், மற்றொரு வட்டத்தில் கருங்கல் பலகைகளில் ஒவ்வொருவரின் பெயர். ஆனால் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், பெயர்களைத் தேர்ந்தெடுங்கள். சிலையைப் பின்னால் சேர்க்க முடியும். பெயர்களைத் திரட்டக்கூடிய காலம் நீண்டு காத்திருக்காது. தகவல் சொல்லக்கூடிய முதியவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள்.

எதில் செய்வது: வெண்கலமா, கல்லா, சிமென்டா, ஃபைபரா?

சிமென்ட் உருவத்துக்குள் இரும்புக் கம்பி இருக்கும். ஈரம் உள்ளே போனதும் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேல்பூச்சைப் பிளந்துகொண்டு வெளியே வரும். ஃபைபரின் பிசின் வெயிலில் வெளிறி நொறுங்கும். இரண்டும் விலை குறைவு என்பதும் உண்மை. ஒரு தலைமுறைக்குள் மாற்ற வேண்டியிருக்கும் என்பதும் உண்மை. பளிங்கு கூடத்துக்குள் அழகு. திறந்தவெளியில் அமிலம் கலந்த மழை மூக்கையும் உதட்டையும் விரல்களையும் மெல்லக் கரைத்துவிடும்.

மிஞ்சுவது வெண்கலமும் கருங்கல்லும். கருங்கல்லில் நுட்பமான மடிப்புகளைச் செதுக்குவது கடினம், ஆனால் எழுத்துக்கு அதைவிட நம்பகமான பொருள் இல்லை. நடுகற்களே அதற்குச் சான்று. நீட்டிய கை, தோளில் தொங்கும் துப்பாக்கி போன்ற மெலிந்த பகுதிகளை வெண்கலம் தாங்கும். கல்லில் அவை முறியும். எனவே உருவம் வெண்கலத்திலும், பீடமும் பெயர்களும் கருங்கல்லிலும் அமைவதே சரியான பங்கீடு. பெயர்களைத் தனி வெண்கலத் தகடுகளில் வார்த்துத் திருகாணியால் பொருத்துவதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் பழைய உலோகத்துக்காக அத்தகடுகளைப் பெயர்த்துச் செல்லும் திருட்டு பல நாடுகளில் நடந்திருக்கிறது.

வெண்கலச் சிலை உள்ளே கெட்டியாக இருக்குமா?

ஆளுயரச் சிலை உள்ளீடற்றது. சுவாமிமலையில் வார்க்கப்படும் தெய்வத் திருமேனிகள் கெட்டியான வார்ப்புகள் என்பதால் இந்த ஐயம் எழுகிறது. அந்த முறையில் ஆளுயர உருவத்தை வார்த்தால் எடை தாங்க முடியாததாகும். தடித்த இடமும் மெலிந்த இடமும் வெவ்வேறு வேகத்தில் ஆறுவதால் விரிசலும் விழும். ஆகவே சிற்பி களிமண்ணில் செய்த உருவத்திலிருந்து அச்சு எடுத்து, அதற்குள் சில மில்லிமீட்டர் கனத்தில் மெழுகைப் படியவைத்து, உள்ளும் புறமும் வெப்பம் தாங்கும் மண்ணோ பீங்கான் கலவையோ பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடைவெளியில் ஆயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் காய்ந்த வெண்கலத்தை ஊற்றுகிறார்கள். பெரிய உருவம் பல துண்டுகளாக வார்க்கப்பட்டுப் பற்றவைக்கப்படும்.

குழுவினர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. உலோகம் ஆறும்போது நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பங்கு சுருங்கும் என்பதால் உயரத்தைச் சிற்பி முன்கூட்டியே கணக்கிட்டிருக்க வேண்டும். உள்ளே தாங்கும் சட்டம் துருவேறா எஃகில் இருக்க வேண்டும். சாதாரண இரும்பு வெண்கலத்தோடு ஈரத்தில் சேர்ந்தால் விரைந்து அரிக்கும். காலடியில் நீர் வடிய சிறு துளைகள் வேண்டும். மிக முக்கியமாக, களிமண் உருவ நிலையிலேயே ஓய்வு பெற்ற படைவீரர் ஒருவரை அழைத்துப் போய்க் காட்டுங்கள். பெல்ட்டின் கொக்கி, துப்பாக்கியின் வகை, தலைக்கவசத்தின் வார் ஆகியவற்றில் உள்ள பிழைகளை அவர்தாம் கண்டுபிடிப்பார். மெழுகுக்குப் போன பிறகு திருத்துவது கடினம், வார்த்த பிறகு ஏறக்குறைய இயலாது.

பெயர்களை எந்த வரிசையில் வெட்டுவது? அதிகாரிகளை முதலில் போட வேண்டாமா?

வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. பதவி வரிசையில் அடுக்கினால், ஊரின் சிற்பம் படைமுகாமின் ஏணியாகிவிடும். அகர வரிசை எல்லோருக்கும் பொதுவானது, தேடுபவருக்கும் எளிது. இறந்த நாள் வரிசையும் உண்டு. வாஷிங்டன் சுவரில் அந்த வரிசைதான், ஏனெனில் ஒரே நாளில் ஒரே இடத்தில் வீழ்ந்த தோழர்கள் அருகருகே இருக்க வேண்டும் என்று மாயா லின் விரும்பினார். பல ஆயிரம் பெயர் இருந்தால் அதற்குத் தனி அட்டவணைப் புத்தகம் தேவைப்படும். நாற்பது ஐம்பது பெயர் உள்ள ஊருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

தமிழ்ப் பெயர்களில் தலைப்பெழுத்தைக் கொண்டு அகரப்படுத்தாமல் சொந்தப் பெயரைக் கொண்டு அகரப்படுத்துங்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் படை எண்ணைச் சேர்த்தால் போதும்; உலகப்போர் நினைவுச்சின்னங்களிலும் இதையே செய்தார்கள். பதவியைச் சேர்க்க விரும்பினால் பெயருக்குப் பின்னே சிறிய எழுத்தில் வையுங்கள். 'திரு', 'தியாகி', 'மாண்புமிகு' போன்ற அடைகள் ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாமல் போக விடாதீர்கள். திறந்துவைத்தவர், நன்கொடையாளர், குழுத் தலைவர் ஆகியோரின் பெயர்கள் அதே கல்லில் வரவே கூடாது. அவற்றைப் பெரிய எழுத்திலும் இறந்தவர்களின் பெயர்களைச் சிறிய எழுத்திலும் வெட்டிய கற்களைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது.

எழுத்தை ஆழமாக, ஆப்பு வடிவப் பள்ளமாக வெட்டச் சொல்லுங்கள். அப்படி வெட்டிய எழுத்து, வண்ணம் போன பிறகும் தன் நிழலால் படிக்கப்படும். மேலோட்டமாகத் தேய்த்து வண்ணம் நிரப்பிய எழுத்து, வண்ணம் உதிர்ந்ததும் மறையும். மறுபடி வண்ணம் தீட்ட வருபவர் சுழியையும் புள்ளியையும் ஊகித்து எழுதுவார்.

'எங்கள் ஊர்க்காரர்' என்று யாரைச் சேர்ப்பது? நோயில் இறந்தவர், விபத்தில் இறந்தவர், ஊரை விட்டுப் போனவர் எல்லாம் வருவார்களா?

விதியை முதலில் எழுதுங்கள். பெயர்களைப் பிறகு கேளுங்கள். பெயர்கள் வந்த பிறகு விதி செய்தால், ஒவ்வொரு விதியும் ஒரு குடும்பத்துக்கு எதிரானதாகத் தோன்றும். இங்கே பிறந்தவர், படையில் சேரும்போது இங்கே வாழ்ந்தவர், மனைவி மக்கள் இங்கே இருந்தவர் ஆகிய மூவரையும் சேர்ப்பதில் தவறில்லை. ஒருவர் பெயர் இரண்டு ஊர்ச் சிற்பங்களில் இருப்பது உலகெங்கும் சாதாரணம். அதனால் எவருக்கும் இழப்பில்லை. காமன்வெல்த் ஆணையம் முதல் உலகப்போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை எல்லை வைத்து, பணியில் இருக்கும்போது நோயாலும் விபத்தாலும் இறந்தவர்களையும் சேர்த்தது. குண்டு பட்டு இறந்தவரை மட்டும் ஏற்பது இறப்பை எடைபோடுவதாகும்.

இன்னும் கடினமானது, இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டு இறந்தவரின் பெயர். இங்கிலாந்தில் ஃபுல்ஸ்டோ என்ற சிற்றூரைச் சேர்ந்த சார்ல்ஸ் கிர்மன் என்ற வீரர், 1917-இல் அனுமதியின்றிப் படையை விட்டுச் சென்றதற்காகச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் பெயரைச் சேர்க்க முடியாது என்றதும், மற்ற குடும்பத்தினர் அவர் இல்லாத நினைவுச்சின்னம் தங்களுக்கும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். 2005-இல்தான் எல்லாப் பெயர்களோடும் அங்கே நினைவுச்சின்னம் அமைந்தது. அடுத்த ஆண்டு பிரிட்டன், முதல் உலகப்போரில் இவ்வாறு சுடப்பட்ட 306 பேருக்குச் சட்டத்தின் மூலம் மன்னிப்பு வழங்கியது. இப்படி ஒரு பெயர் உங்கள் பட்டியலில் வந்தால், முதலில் மற்ற குடும்பங்களைக் கேளுங்கள். அவர்கள் குழுவைவிடப் பெருந்தன்மையாக இருப்பதுண்டு.

பெயரில் எழுத்துப் பிழை வந்துவிட்டது. ஒரு பெயர் விட்டும் போய்விட்டது. இனி என்ன செய்ய?

படை ஆவணம் ஆங்கிலத்தில் இருக்கும். அதிலிருந்து தமிழுக்கு மாற்றும்போது ன-ண, ர-ற, ல-ள-ழ இடம் மாறுவது மிக எளிது. குடும்பத்தினரிடம் எழுத்து மூலம் உறுதி பெற்று, கையொப்பத்துடன் வைத்துக்கொண்ட பிறகே உளி கல்லைத் தொட வேண்டும். வெட்டிய பிறகு பிழை தெரிந்தால், பள்ளத்தைச் சிமென்டால் அடைத்து மேலே வெட்டாதீர்கள். அடைப்பு ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. பெயர்களை ஒரே பெரிய கல்லில் வெட்டாமல் சிறு பலகைகளாகப் பிரித்து வைத்திருந்தால், ஒரு பலகையை மட்டும் மாற்றலாம். தொடக்கத்திலேயே வெற்று இடமும் விட்டு வையுங்கள். வாஷிங்டன் சுவரில் திறப்பு விழாவுக்குப் பிறகும் பல பெயர்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவை நாள் வரிசையில் இடம் கிடைத்த அளவில் அருகே வெட்டப்படுகின்றன. பின்னால் வரும் போர்களில் இறப்பவர்களின் பெயர்களுக்கும் அந்த வெற்று இடமே விடை.

காணாமல் போனவரை இறந்தவர் பட்டியலில் சேர்க்கலாமா? அவர் அம்மா இன்னும் காத்திருக்கிறார்.

குடும்பம் ஒப்புக்கொள்ளாமல் சேர்க்கக்கூடாது. அரசு இறப்பை அறிவித்துவிட்டது என்பது சட்டத்துக்குப் போதும், அந்தத் தாய்க்குப் போதாது. வாஷிங்டனில் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: இறப்பு உறுதியானவர் பெயருக்கு அருகே சாய்சதுரக் குறி, காணாதவருக்குச் சிலுவைக் குறி. உடல் கிடைத்து உறுதியானால் சிலுவைக் குறியின் மேலேயே சாய்சதுரம் வெட்டப்படும். உயிரோடு திரும்பினால் அதைச் சுற்றி ஒரு வட்டம் வெட்டுவது என்றும் முடிவு செய்திருந்தார்கள். அந்த வட்டம் இதுவரை தேவைப்படவில்லை.

பெல்ஜியத்தின் ஈப்ர நகரில் 1927-இல் திறக்கப்பட்ட மெனின் வாயிலில் ஐம்பத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன. இந்திய வீரர்களும் அவர்களில் உண்டு. கல்லறை அறியப்படாதவர்களுக்கு மட்டுமே உரிய இடம் அது. இன்றும் வயல்களில் உடல்கள் கிடைக்கின்றன. அடையாளம் உறுதியாகிப் பெயரோடு அடக்கம் நடந்தால், வாயிலிலிருந்து அப்பெயர் பிற்பாடு நீக்கப்படும்.

சிலை பச்சையாகிவிட்டது. தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

தேய்க்காதீர்கள். பழுப்பு நிறம் அழுக்கன்று. வார்ப்பாலையில் நெருப்பும் இரசாயனமும் கொண்டு வேண்டுமென்றே ஏற்றிய பூச்சு. அமிலமோ பாத்திரம் துலக்கும் பொடியோ கம்பித் தூரிகையோ பட்டால் அந்தப் பூச்சும், அதனோடு முகத்தின் நுட்பமும் போய்விடும். மழை வழியும் தடங்களில் படியும் பச்சை, செம்பும் காற்றிலுள்ள கந்தகமும் சேர்ந்த களிம்பு. அது பெரும்பாலும் தோற்றக் குறையே. வெளிர்பச்சையாக, தொட்டால் மாவாக உதிரும் புள்ளிகள் வேறு. அவை உப்புக் காற்றின் குளோரைடால் வருபவை, உலோகத்தைத் தின்னும். கடற்கரை ஊர்களில் அவற்றைக் கண்டால் உலோகப் பாதுகாப்பு அறிந்தவரை அழைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வழக்கமான பராமரிப்பு எளிது: ஆண்டுக்கு ஒருமுறை மென்மையான சோப்பு நீரும் மென்தூரிகையும் கொண்டு கழுவி, நன்றாக உலர விட்டு, மெல்லிய மெழுகுப் பூச்சு. விழாவுக்கு முந்திய நாள் தங்க நிற வண்ணம் அடிக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். வெண்கலத்தின் மேல் அடித்த வண்ணம் அடியில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். உரிக்கும்போது பழைய பூச்சையும் எடுத்துக்கொண்டு போகும்.

எழுப்பிய குழு கலைந்துவிட்டது. இனி யார் பொறுப்பு?

இது திறப்பு விழாவுக்கு முன்பே எழுத்தில் முடிவாக வேண்டிய கேள்வி. பிரிட்டனில் குழுக்கள் கலைந்து நினைவுச்சின்னங்கள் கேட்பாரற்றுப் போகத் தொடங்கியதால், உள்ளாட்சி அமைப்புகள் அவற்றின் பராமரிப்புக்குச் செலவு செய்ய 1923-இல் தனிச் சட்டமே வந்தது. நிலம் யாருடையது, ஆண்டுப் பராமரிப்பை யார் செய்வார், பெயர்களை உறுதி செய்த ஆவணங்கள் எங்கே இருக்கும் என்பவற்றை உள்ளாட்சி அமைப்போடு எழுத்தில் ஒப்பந்தமாக்கிக்கொள்ளுங்கள். சாலை விரிவாக்கத்துக்காகச் சிற்பத்தை நகர்த்த வேண்டிவந்தாலும் இந்த ஆவணங்களே கைகொடுக்கும்.

இதெல்லாம் போரைப் புகழ்வதாகாதா? பிள்ளைகள் பார்த்துப் போர் நல்லது என்று நினைக்க மாட்டார்களா?

சிற்பம் எதைக் காட்டுகிறது என்பதைப் பொறுத்தது. லண்டனில் 1925-இல் திறக்கப்பட்ட அரச பீரங்கிப் படை நினைவுச்சின்னத்தில், சிற்பி சார்ல்ஸ் சார்ஜன்ட் ஜேகர் முகமும் உடலும் மேலங்கியால் மூடப்பட்ட ஓர் இறந்த வீரரைக் கிடத்தினார். அவர் தாமே போரில் காயம்பட்டவர். இறந்தவரை இப்படிக் காட்டலாமா என்று அன்று எதிர்ப்பு எழுந்தது. பிரான்ஸில் ஜென்ட்யூ என்ற சிற்றூரில் வீரர் சிலையே இல்லை: பள்ளி உடையில் ஓர் அநாதைச் சிறுவன் கைமுஷ்டியை இறுக்கிப் பெயர்களை நோக்கி நிற்கிறான், கீழே போரைச் சபிக்கும் வாசகம்.

என்னை மிகவும் பாதித்தது ஜெர்மன் பெண் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் படைப்பு. அவருடைய மகன் பீட்டர் 1914 அக்டோபரில், பதினெட்டு வயதில், பெல்ஜியத்தில் இறந்தான். மண்டியிட்ட தந்தை, மண்டியிட்ட தாய் என்ற இரு கல் உருவங்களையும் அவர் பல ஆண்டுகள் முயன்று செய்து, 1932-இல்தான் அவன் கிடந்த கல்லறைத் தோட்டத்தில் வைத்தார். இன்று அவை விளாட்ஸ்லோவில் இருக்கின்றன. இருவரும் தனித்தனிப் பீடத்தில், ஒருவரையொருவர் தொடாமல் இருக்கிறார்கள். ஆயுதமோ கொடியோ இல்லை. தம் மகனை இழந்த தாயால் செய்யப்பட்ட அதைப் பார்த்துவிட்டுப் போர் நல்லது என்று எந்தப் பிள்ளையும் நினைக்க முடியாது. அதே வேளையில், நிமிர்ந்து நிற்கும் வீரன் வேண்டும் என்று கேட்கும் குடும்பத்தைப் போர்வெறியர் என்று சொல்லவும் எனக்கு மனம் வராது. அவர்கள் நினைவில் அவன் அப்படித்தான் நிற்கிறான்.

வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டுச் செத்தவர்களுக்கு நாம் ஏன் மரியாதை செய்ய வேண்டும்?

முதல் உலகப்போரில் இந்தியாவிலிருந்து பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து போனார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கூலிக்காகவும், குடும்ப மரபாகவும், ஆள் சேர்ப்பவரின் அழுத்தத்தாலும் போனவர்கள் அவர்கள். பேரரசை விரும்பியதால் போனார்கள் என்று ஒரே காரணம் சொல்வது பொருந்தாது. பேரரசின் கொள்கையை ஏற்பதும், அதன் படையில் இறந்த நம் ஊர் மனிதரை நினைப்பதும் ஒன்றல்ல.

அந்தப் பேரரசு அவர்களை நினைத்த விதத்தையும் பாருங்கள். பிரான்ஸின் நவ் ஷபெல்லில் ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927-இல் திறக்கப்பட்ட நினைவுச்சின்னத்திலும், தில்லி இந்தியா கேட்டிலும் பெயர்கள் இருக்கின்றன. ஆனால் இராக்கின் பஸ்ரா நினைவுச்சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்கள் பெயராலும், அதிகாரிகள் அல்லாத இந்தியர்கள் எண்ணிக்கையாலும் குறிக்கப்பட்டார்கள். கொள்கை வேறு, நடைமுறை வேறு என்று முன்பு சொன்னது இதைத்தான். ஆப்பிரிக்க, ஆசிய வீரர்கள் பெருந்தொகையில் சமமாக நினைக்கப்படவில்லை, பலர் பெயரே இல்லாமல் விடப்பட்டார்கள் என்பதைக் காமன்வெல்த் ஆணையம் 2021-இல் ஓர் அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. இந்தியக் கிராமங்களில் அக்காலத்தில் பதித்த கற்களும் அப்படியே: இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று இரண்டு எண்கள் மட்டும்.

உங்கள் ஊரில் அப்படி ஒரு கல் இருந்தால் அதை அகற்ற வேண்டாம், திருத்தி எழுதவும் வேண்டாம். அதன் அருகே இன்னொரு கல் நடுங்கள். ஆணையத்தின் பதிவேடுகள் இன்று இணையத்தில் தேடக்கூடியவை. பல பதிவுகளில் தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் உண்டு. அவற்றோடு ஊர் முதியவர்களிடம் கேட்டறிந்ததையும் ஒப்பிட்டு, உறுதியான பெயர்களை மட்டும் வெட்டி, மீதிக்கு இடம் விடுங்கள்.